எந்தக் கால் என்று கேளுங்கள்

போன மாதம் உங்கள் சுகாதாரப் பணியாளர் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டீர்கள். நானும் வந்தேன். உணர்ச்சியில்லாத தேமலைக் கண்டுபிடிப்பது எப்படி, மாத்திரையை நடுவில் விடாமல் சாப்பிட வைப்பது எப்படி என்று தொண்டை வற்றப் பேசினேன். பாதிப் பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். கேள்வி ஏதாவது உண்டா என்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, "சார், நாள் பூரா வண்டி ஓட்டியே எனக்கு முட்டி போச்சு. நீங்க சைக்கிள்லயே சுத்தினீங்களாமே, எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். அன்றைக்கு வந்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அப்போது நழுவிவிட்டேன். அந்தத் தம்பிக்கான பதில் இது. மற்றவர்களும் படிக்கலாம், காசா பணமா.

நான் காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். எங்கள் தெருவில் நாற்பது வயதுக்கு மேல் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காத ஆம்பிளை கிடையாது. தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு மிதித்து மிதித்து வந்த வலி அது. அந்த வலி எனக்கு வேண்டாமென்று படித்து, பரீட்சை எழுதி, எழுபதுகளின் பின்பாதியில் தொழுநோய் ஆய்வாளர் வேலைக்கு வந்தேன். உத்திரமேரூரில் போட்டார்கள். சேர்ந்த அன்றைக்கே ஒரு சைக்கிளைக் கொடுத்து, மானாம்பதி ஒரு பக்கம், திருப்புலிவனம் ஒரு பக்கம், திருமுக்கூடல் ஒரு பக்கம் என்று கையைக் காட்டினார்கள். எந்த மிதிக்குப் பயந்து ஓடி வந்தேனோ அதையே சம்பளம் கொடுத்து மிதிக்கச் சொன்னார்கள்.

அந்த சைக்கிளில் ஒரு விஷயத்தை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் சீட்டு அடிமட்டத்தில் இருக்கும். எங்கள் சென்டரில் எல்லார் சைக்கிளும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், சின்னப் பிள்ளைகள் சைக்கிளை எடுத்து வந்துவிட்டார்களோ என்று நினைப்பார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

அப்போதெல்லாம் ஊர்களில் எங்களைக் கண்டால் பயம். நோயைவிட எங்கள்மேல்தான் பயம் அதிகம். நாங்கள் எந்த வாசலில் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போடுகிறோமோ அந்த வீட்டில் குஷ்டம் இருக்கிறது என்று தெருவே முடிவு கட்டிவிடும். எனக்கு முன்னால் அந்தப் பக்கம் பார்த்தவர் ஒருநாள் மழைக்கு ஒரு வீட்டு ஓரம் ஒதுங்கியிருக்கிறார். ஸ்டாண்டு போட்டுவிட்டு, மழை விட்டதும் போய்விட்டார். அந்த வீட்டில் நோயும் கிடையாது, நொடியும் கிடையாது. மறுநாள் அந்த வீட்டுப் பெண் குடத்தோடு பொதுக்கிணற்றுக்குப் போனபோது கயிற்றைத் தொடவிடவில்லை. அவர்களைப் பழையபடி சேர்த்துக்கொள்ள ஒரு போகம் ஆயிற்றாம்.

அதனால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்குவதே இல்லை என்று பழக்கம் வைத்திருந்தோம். சீட்டை இறக்கிவிட்டால் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்றும். வழி கேட்கிறவன் போலத் தெருவில் நிற்க வேண்டியது, மழை உண்டா, கடலைக்கு என்ன விலை என்று ஏதாவது பேச வேண்டியது, மாத்திரைப் பொட்டலத்தைக் கைமாற்றிவிட்டு மிதிக்க வேண்டியது. பார்க்கிறவர்களுக்கு நின்றது போலவே இருக்காது. இதில் நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். பெருமையாகக்கூட இருக்கும்.

இரண்டாவது வருஷமே வலது முட்டியில் வலி வந்துவிட்டது. வரும், நாலைந்து நாள் இருக்கும், லீவு போட்டுப் படுத்தால் போய்விடும். சரியாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்தால், வா ராசா என்று அதுவும் கூடவே வரும். ஆடி மாசத்தில் எதிர்காற்றில் மானாம்பதியிலிருந்து திரும்பும்போது, புளியமரத்தடியில் உட்கார்ந்து ஆம்பிளை என்றும் பாராமல் அழுதிருக்கிறேன். என் மனைவி முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்தாள், ரசத்தில் போட்டாள், இனி காப்பியில்தான் போடவில்லை. எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். தேய்க்கும்போது சுகமாக இருக்கும். மறுநாள் பெடலில் காலை வைத்தால் பழைய கதைதான்.

எங்கள் மெடிக்கல் ஆபீசர் முட்டியைப் பிடித்துப் பார்த்தார். "இதை இப்படியே விட்டீங்கன்னா நாப்பது வயசுல நடக்க மாட்டீங்க. ஆபீஸ்ல உட்கார்ற வேலை ஒண்ணு காலியாகுது. நான் சொல்லிப் பார்க்கட்டுமா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் முனுசாமியின் கால் குறுக்கே வந்தது.

முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன், ஊரையும் சொல்ல மாட்டேன். திருப்புலிவனத்துக்கு அப்பால் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் கழனி வைத்திருந்தான். முப்பது வயது இருக்கும். அந்தக் கழனியிலேயே கத்தரிக்காயும் போட்டு, மூட்டை கட்டி, பழைய சைக்கிள் ஒன்றில் உத்திரமேரூர் சந்தைக்குக் கொண்டுபோவான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவன். ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே இடது காலில் நரம்பு செத்துவிட்டது. முட்டிக்குக் கீழே கொஞ்ச தூரத்திலிருந்து பாதம் வரைக்கும் உணர்ச்சி கிடையாது. உள்ளங்காலில், பெருவிரல் அடியில், ஒரு புண். முள் குத்தியதா, ஓடு கிழித்ததா என்று அவனுக்கே தெரியாது. அந்தக் காலோடு சேற்றில் உழுதுகொண்டிருந்தான்.

மெடிக்கல் ஆபீசர் அவனைச் சந்தை நாள் ஒன்றில் யாருக்கும் தெரியாமல் வரவழைத்துப் பார்த்தார். ஒன்றரை மாசம் காலைத் தரையில் வைக்கக் கூடாது, வைத்தால் புண் எலும்புக்குப் போய்விடும், போனால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். மறுவாரம் நான் போனபோது கழனியில் சேற்றைச் சமப்படுத்தப் பரம்படித்துக்கொண்டிருந்தான்.

வரப்போரம் காலை ஊன்றி நின்றபடியே கத்தினேன். "உனக்குக் காலு வேணுமா வேணாமா? டாக்டர் சொன்னது இன்னா, நீ பண்றது இன்னா?"

அவன் மாட்டை நிறுத்திவிட்டு வந்தான். "சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. உனக்கு முட்டி நோவுதுல்ல?"

"நோவுது."

"டாக்டரு நிறுத்தச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீ நிறுத்தினியா?"

நான் அப்போதும் சைக்கிள் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நோவுற உனக்கே நிறுத்த முடியல. எனக்கு நோவவே இல்ல. நான் இன்னான்னு சொல்லி நிறுத்தறது? நாத்து தயாரா கீது. நடவுக்கு ஆளு வரணும். இப்பப் போய்ப் படுத்தா இன்னாத்துக்குப் படுத்தேன்னு கேப்பாங்க. சேதி தெரிஞ்சா ஒருத்தன் என் கயனியில கால வெக்க மாட்டான் சார். மடைத் தண்ணிகூட வுட மாட்டான்."

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த ஊரில் வேலை செய்கிறவன் ஒருவன் படுத்தால் அதற்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணம் வேண்டும். காய்ச்சல் என்றால் நாலு நாளில் எழுந்திருக்க வேண்டும். ஒன்றரை மாசத்துக்கு ஒரு நோவு வேண்டும், அது எல்லாருக்கும் வருகிற நோவாகவும் இருக்க வேண்டும். என் முட்டி அப்போது விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"முட்டி நோவுன்னு சொல்லேன்" என்றேன். "மூட்டை வெச்சு சைக்கிள் மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சுன்னு சொல்லு. என்னைத்தான் ஊரே பாக்குதே. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் ஒரு சந்தேகம் கேட்டான். "அந்த நோவு எப்டி இருக்கும்? எவனாவது கேட்டா நான் இன்னா சொல்றது? எனக்கு அந்தப் பக்கம் நோவு வந்து வருசம் ஆவுது சார். மறந்தே பூட்டேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அவர்கள் அழுததெல்லாம் மறந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவன் கேட்டது மறக்கவில்லை. வலி எப்படி இருக்கும் என்று ஒரு வளர்ந்த மனுஷன் என்னிடம் பாடம் கேட்டான். அதுவரை அந்த வலியைத் திட்டியிருக்கிறேனே தவிர, உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவனுக்காக யோசித்தேன்.

"முட்டிச் சில்லுக்குக் கீழ, குத்தற மாதிரி இருக்கும்" என்றேன். "ரோட்டுல சும்மா போவும்போது அவ்வளவு தெரியாது. நின்னுட்டு மறுபடி கிளம்பறேன் பாரு, அப்பதான். முட்டி நெஞ்சாண்ட வரைக்கும் மடங்கி, அதுலேந்து ஒரே அமுக்கா அமுக்கி எழுப்பணும். அப்ப உயிரே போவும்."

"அவ்ளோ இன்னாத்துக்கு மடங்குது?"

"சீட்டு கீழ கீதில்ல" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. நாள் முழுக்கத் தெருவுக்குத் தெரு நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் மடங்கின முட்டியை வைத்து அந்தப் பாழாய்ப்போன சைக்கிளைக் கிளப்புகிறேன். வலி காற்றாலும் இல்லை, மேடுபள்ளத்தாலும் இல்லை. சீட்டை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஏற்றினால் கால் தரையில் ஊன்றாது. இறங்க வேண்டும். இறங்கினால் ஸ்டாண்டு போட வேண்டும். அன்றைக்கு நான் சீட்டை ஏற்றவில்லை.

அடுத்த முறை போனபோது முனுசாமி தெருவில் நொண்டிக்கொண்டு போவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். நடிப்பு என்றால் அப்படி ஒரு நடிப்பு. எதிரே வந்தவர்கள் நின்று பரிதாபப்பட்டார்கள். "சைக்கிளு மிதிச்சு இப்டி ஆயிப்போச்சே" என்று ஒரு அம்மாள் என்னிடமே சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கழனியோரம், ஊர் கண்ணுக்கு மறைவாக இருந்த மோட்டார் கொட்டகைக்குள் போனதும், கட்டைப் பிரித்துக் காட்டு என்றேன். துணியை அவிழ்த்ததும் நாற்றம் குப்பென்று வந்தது. புண் இரண்டு மடங்காகியிருந்தது. பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படுக்காமல் ஏமாற்றுகிறானோ என்று கோபம் வந்தது. "எங்க, நடந்து காட்டு" என்றேன். நடந்தான். வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்து, முழுப் பாரத்தையும் இடது காலில் போட்டு, அந்தப் புண்ணை மண்ணில் நச்சு நச்சென்று குத்தி நடந்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"முனுசாமி, உனக்கு எந்த முட்டி நோவுது?"

"தோ, சோத்துக்கைப் பக்கம். உனக்கு அதுதான சார்? உன்ன மாதிரியே நடக்கறனா?"

வலி எப்போது வரும், எங்கே வரும், எப்படிக் குத்தும் என்று அத்தனையும் அழகாகச் சொன்னவன், எந்தக் கால் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. வலி இருக்கிறவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, நோகிற காலை அவன் தானே தூக்கிக்கொள்வான். இவனுக்கு இரண்டு காலும் ஒன்றுதான். என்னைப் பார்த்து நடந்தான்.

உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஒரு நோயாளிக்கு எதையாவது சொல்லிக்கொடுத்தால், அவர் தலையாட்டியதும் வண்டியைக் கிளப்பாதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். நம் உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் அவர் உடம்புக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள்.

அங்கேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. வலது கால் நொண்டியை ஊரே பார்த்தாயிற்று. நாளைக்கு இடது காலை நொண்டினால், இவன் என்னடா கூத்தாடுகிறான் என்று பேச்சு வரும். பேச்சு வந்தால் காலைப் பார்ப்பார்கள், காலைப் பார்த்தால் கட்டைப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால், எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனவன் எதற்குப் போனான் என்று பஸ் கண்டக்டருக்கே தெரியும். அவன் மனைவி பச்சையம்மாள் கொட்டகை வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

"ரெண்டு முட்டியும் போச்சுன்னு சொல்லிடு" என்றேன். "ஒண்ண காப்பாத்தப் போய் இன்னொண்ணும் புடிச்சிக்கிச்சுன்னு சொல்லு. இப்பவே படு. வெளிய தெருவ போறதுக்குக்கூட பிடிச்சிக்கினு குதிச்சுத்தான் போவணும். நடவ உன் பொஞ்சாதி பாத்துக்கும்."

"நான் பாத்துக்கறேன் சார்" என்றது பச்சையம்மாள். "இந்த ஆள படுக்க வெக்கறதுதான் பேஜாரு. அதுக்கு நீ வந்துக்கினே இரு."

வந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். புண்ணைச் சுற்றித் தடித்துப்போன தோலைச் சீவி, சுத்தம் செய்து கட்ட வேண்டும். அதைத் தெருவில் காலூன்றி நின்றுகொண்டு செய்ய முடியாது. வீட்டுக்குள் போக வேண்டும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். சைக்கிள் வாசலில்தான் நிற்கும்.

அன்று சாயங்காலம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் ஸ்பேனர் வாங்கி, சீட்டை ஏற்றினேன். கால் நீட்டி மிதிக்கிற அளவுக்கு ஏற்றினேன். மறுநாள் காலையில் அந்த ஊருக்குப் போய், முதல் வேலையாக மணியக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தி ஸ்டாண்டு போட்டேன்.

மணியக்காரர் அந்த ஊருக்குப் பெரிய மனுஷர். பதறிக்கொண்டு வெளியே வந்தார். "இன்னாபா, எங்க வூட்டாண்ட ஸ்டாண்டு போட்ற?"

"முட்டி தாங்கலீங்க. செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போறேன்."

"அதுக்கு எங்க வூடுதான் கெடச்சுதா? நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பான்?"

"நீங்க சொன்னா ஊரே கேக்கும்ங்க. சைக்கிள் மிதிச்ச முட்டி நோவு, அவ்வளவுதான்னு நீங்களே சொல்லிடுங்க."

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். எதிர்வீட்டில் ஏற்கெனவே ரெண்டு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விரட்டினாலும் சந்தேகம் வரும், உட்கார வைத்தாலும் சந்தேகம் வரும். அவர் புத்திசாலி, வேறு வழியில் போனார். "முட்டி நோவுபா, பாவம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் ஒரு வாசலை நான் விடவில்லை. ஒருநாள் இந்த வீடு, ஒருநாள் அந்த வீடு. உட்காருவேன், முட்டியைத் தடவுவேன், தண்ணீர் கேட்பேன். அந்த வரிசையில் முனுசாமி வீடும் வந்துபோகும். அங்கே மட்டும் கொஞ்சம் அதிக நேரம் ஆகும், இரண்டு முட்டிவலிக்காரர்கள் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் முடியுமா. யார் வீட்டு வாசலிலும் ஸ்டாண்டு விழும் என்றான பிறகு, ஊருக்கு அதில் ருசி போய்விட்டது. அதற்குப் பதில் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. ஆளுக்கொரு வைத்தியம். நொச்சி இலை, எருக்க இலை, வேப்பெண்ணெய் என்று வீட்டுக்கு வீடு போட்டி. நான் வேண்டாமென்றால் முனுசாமிக்குக் கொண்டுபோனார்கள்.

அப்படித்தான் அந்த நாள் வந்தது. நான் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக் காலைப் போர்வைக்குள் விட்டு நிமிர்கிறேன், மணியக்காரர் வீட்டம்மா உள்ளே வருகிறார். கூட இரண்டு பெண்கள். கையில் பழந்துணியில் சுற்றின செங்கல், அடுப்பிலிருந்து எடுத்தது, துணியில் ஆவி பறக்கிறது.

"முட்டியில வெச்சு அப்டியே கணுக்கால் வரைக்கும் இழுத்து வுட்டா நோவு எறங்கிடும்" என்றார். "போர்வைய எடுடி பச்சையம்மா."

பச்சையம்மாள் போர்வை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. முட்டியில் வைத்தால் முனுசாமிக்குச் சூடு தெரியும், கத்துவான். கொஞ்சம் கீழே இறக்கினால் தெரியாது. தோல் வெந்து உரிந்தாலும் பேசாமல் படுத்திருப்பான். அந்த அம்மாள் இழுத்துவிட்டு முடிக்கும்போது காலில் கொப்புளம் எழும்பும், இவன் சிரித்துக்கொண்டிருப்பான், அதை மூன்று பெண்கள் பார்ப்பார்கள். தடுக்கலாம் என்றால் எதைச் சொல்லித் தடுப்பது? அந்த ஊரில் பெரிய வீட்டு அம்மா தன் கையால் ஒத்தடம் கொடுக்க வந்தால் வேண்டாமென்று சொல்கிறவன் கிடையாது.

நான் வேட்டியை மடித்துவிட்டு என் வலது காலை அந்த அம்மாளின் முன்னால் நீட்டினேன். "அம்மா, முதல்ல எனக்கு வையுங்க. இவன் படுத்துத்தான கீறான், நான் இன்னும் திருமுக்கூடல் வரைக்கும் மிதிக்கணும்."

"அட, ஆமாம்" என்றார் அந்த அம்மாள், முகமெல்லாம் சிரிப்பு. வைத்துவிட்டார்.

சீட்டை ஏற்றின பிறகு என் முட்டி வலி முக்கால்வாசி போய்விட்டிருந்தது. அன்றைக்கு அந்தக் காலில் இருந்த ஒரே வலி அந்தச் செங்கல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம்" என்று கேட்டுக் கேட்டு வைக்கச் சொன்னேன். செங்கல் ஆறுகிற வரைக்கும் வாங்கினேன். கை வைத்துப் பார்த்து, சூடு தாளும் என்று தெரிந்த பிறகுதான், "இப்ப அவனுக்கு வையுங்கம்மா" என்றேன். போர்வையை நானே முட்டி மட்டும் தெரிகிற மாதிரி விலக்கினேன். அந்த அம்மாள் வைத்தார். முனுசாமி நல்ல பிள்ளையாக, "அப்பாடா" என்றான்.

அவர்கள் போன பிறகு என் வேட்டியை விலக்கிப் பார்த்தோம். முட்டிக்குப் பக்கத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. பச்சையம்மாள் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதது. முனுசாமி அழவில்லை. எழுந்து உட்கார்ந்து, என் கொப்புளத்தையே ரொம்ப நேரம் பார்த்தான்.

"எரியுதா சார்?"

"பின்ன எரியாம?"

"இது என் கால்ல வந்திருந்தா நான் தூங்கிக்கினு இருந்திருப்பேன்" என்றான்.

அன்றிலிருந்து அவனைப் படுக்க வைக்க யாரும் போராட வேண்டியிருக்கவில்லை. டாக்டர் பயமுறுத்தியும் நான் கத்தியும் நடக்காதது, அடுத்தவன் முட்டியில் வெந்த தோலைப் பார்த்ததும் நடந்தது. நடவு முடிந்து பயிர் பச்சைபிடித்து நின்றபோது புண் ஓரத்திலிருந்து கூடிவர ஆரம்பித்தது. கதிர் வாங்குவதற்குள் மூடிவிட்டது. அதுவரைக்கும் நான் அந்தத் தெருவில் நொண்டினேன். வலிக்காத காலை நொண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மறந்துபோய் நேராக நடந்துவிடுவேன், பச்சையம்மாள் தொண்டையைச் செருமும்.

ஆபீஸ் வேலையைப் பற்றி மெடிக்கல் ஆபீசர் மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். மற்ற ஊர்களிலும் ஸ்டாண்டு போட ஆரம்பித்தேன். எல்லா இடத்திலும் அது சுலபமாக நடக்கவில்லை. சில தெருக்களில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். சென்டரில் மற்றவர்களும் மெல்ல மெல்லச் சீட்டை ஏற்றிக்கொண்டார்கள், முட்டிக்காகத்தான். நான் காரணம் எதையும் விளக்கவில்லை.

புண் மூடின பிறகு முனுசாமியிடம், தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், மறந்தால் மறுபடி இதே கதைதான் என்றேன். நோகாத காலை ஒருத்தன் தினமும் எப்படி ஞாபகம் வைத்துப் பார்ப்பான் என்று எனக்கே சந்தேகம். அவன் யோசித்துவிட்டு, "எவனாவது முட்டி நோவுதுன்னு சொன்னா என் காலைப் பாத்துக்கறேன் சார். இந்த ஊர்ல அத்த சொல்லாத ஆளு யாரு?" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டி வலி என்ற தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். வலியைத் திட்டாதீர்கள். எப்போது வருகிறது, எதைச் செய்தால் வருகிறது என்று யாரிடமாவது விளக்கமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போதே பாதி தெரிந்துவிடும். பிறகு டாக்டரிடம் போங்கள், என்னைப் போல் ரசம் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். எந்தக் கால் என்று நீங்களும் அன்றைக்குச் சொல்லவில்லை, அதையும் கவனித்தேன்.

நான் ஓய்வு பெற்று வெகுகாலத்துக்குப் பிறகு உத்திரமேரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வயசான முட்டிக்குச் சீட்டை ஏற்றுகிற வழி கிடையாது, பழைய வலி திரும்ப வந்துவிட்டிருந்தது. தரையில் பந்தி போட்டிருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்காரும்போது, "அப்பாடா, முட்டி" என்று என்னை அறியாமல் சத்தமாக வாயில் வந்துவிட்டது.

எதிர்வரிசையில் ஒரு நரைத்த தலை. இலைக்கு முன்னால் குனிந்து, சம்மணம் போட்டிருந்த இடது காலை மெல்ல வெளியே எடுத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தது. பெருவிரலுக்கு அடியில் கட்டைவிரலால் தடவி, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் காலைப் பழையபடி மடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான், முட்டி என்று சொன்னது யார் என்று நிமிர்ந்து பார்த்தது.

"நீதானா சார்" என்றான் முனுசாமி.